ரெண்டு சீட் விமானம்

மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன், கையை விட்டு இந்த வாடை போகிற வழியாக இல்லை. பெட்ரோலும் டூ-டி ஆயிலும் கலந்த வாடை. பாதி தைத்த ஆட்டோ சீட் கவர் மிஷினில் கிடக்கிறது. நான் கடைக்குள் உட்கார்ந்து உள்ளங்கையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிர்க்கடைக்காரர், "என்னம்மா, கைல மருதாணியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவருக்கு என்ன தெரியும்! நீ இருந்தால் இந்நேரம் என் கையைப் பிடுங்கி நீயும் மோந்து பார்த்திருப்பாய். உங்கள் வீட்டுப் பழைய மொபெட்டை ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாயே, அதே வாடைதான்.

ஏட்டி, நான் ஒரு விமானம் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. வாங்கினேனா இல்லையா என்பதைக் கடைசியில்தான் சொல்லுவேன். பிளஸ் டூ படிக்கையில் நீ சினிமா பார்த்துவிட்டு வந்து கதை சொன்ன அழகு எனக்கு மறக்கவில்லை. நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு, "போயி வடை வாங்கிட்டு வா, மீதியச் சொல்லுதேன்" என்பாய். இப்போது என் முறை.

நம் பிழைப்பை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். நீ சுரண்டைப் பக்கம் காற்றாலைக் கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து காற்றின் வேகத்தை எழுதிக்கொண்டிருந்தாய். டவரில் ஏறுகிறவர்களோடு சண்டை போட்டு நீயும் ஏறி, போல்ட் முடுக்கக் கற்றுக்கொண்டாய். நான் தென்காசியில் சீட் கவரும் தார்ப்பாயும் தைத்துக்கொண்டிருந்தேன். ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் உன் போன் வரும். "ஏட்டி, செங்கோட்டைக் கணவாய் வழியா காத்து நல்லா தள்ளுது. நூலு வாங்கி வச்சுக்கோ." ரெண்டே நாளில் குற்றாலத்துக் கடைக்காரர்கள் கிழிந்த தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவார்கள். ஐந்தருவியில் பழக்கடை வைத்திருக்கிற உன் வீட்டுக்காரர்தான் எப்போதும் முதல் ஆள்.

இந்த ஆசை நமக்குள் நுழைந்தது கேரளக் கடற்கரையில், பத்தே நிமிஷத்தில். உன் கம்பெனி டூருக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாய். அங்கே மைக்ரோலைட்டில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று சக்கரம், முன்னும் பின்னுமாய் ரெண்டு சீட், முதுகுக்குப் பின்னால் எஞ்சினும் விசிறியும், தலைக்கு மேலே துணியில் தைத்த பெரிய இறக்கை. "ஆட்டோவுக்கு ரெக்கை வச்ச மாதிரில்லா இருக்கு!" என்றாய். நான் ஏறிப் போய்விட்டு இறங்கி வந்தபோது என் கால் தரையில் நிற்கவில்லை. உன் முறை வருவதற்குள் காற்று கூடிவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். நீ கொஞ்சமும் கோபப்படவில்லை. பஸ்ஸில் வரும்போது புனலூர் தாண்டியதும் சொன்னாய்: "துணி ஒனக்குத் தெரியும். போல்ட்டும் காத்தும் எனக்குத் தெரியும். நம்மள விட இதுக்குப் பொருத்தமான ஆளு யாருட்டி இருக்கா?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

ஒருத்தி ஓட்டணும், ஒருத்தி வண்டியைப் பாத்துக்கிடணும் என்று நீயே பிரித்தாய். ஓட்டுகிறவள் நான் என்று முடிவு பண்ணியதும் நீதான். கர்நாடகத்தில் ஒரு பயிற்சிப் பள்ளிக்கு இரண்டு வருஷம் விட்டு விட்டுப் போய் வந்து லைசென்ஸ் வாங்கினேன். என் வீட்டில் ஒரே பேச்சு, "இவளுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு" என்று. உன் வீட்டிலும் அதே கதைதான். உன் வீட்டுக்காரர் என்னோடு ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை. புது விமானம் நமக்கு எட்டாது, பழசுதான் என்பது முதலிலேயே தெரியும். பழசு வாங்குகிறவள் எப்படிப் பார்க்க வேண்டும் என்று நீ எனக்கு மணிக்கணக்காகப் பாடம் எடுத்தாய், போனிலேயே, நான் இங்கே மிஷினை மிதித்துக்கொண்டே கேட்பேன்.

அப்படியும் முதல் தடவை நான் பண்ணிய கூத்தை இன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூர் பக்கம் ஒரு வண்டி விலைக்கு வருகிறது என்று போனோம். வண்டி வாங்கப் போகிறோமே என்று நான் மாலை, எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம், சூடம் எல்லாம் பையில் வைத்துக்கொண்டேன். நம்மூரில் லோடு ஆட்டோ வாங்கினாலும் இதுதானே வழக்கம்! ஷெட்டுக் கதவைத் திறந்ததும் மஞ்சள் இறக்கையைப் பார்த்தேன். அவ்வளவுதான், எனக்குப் புத்தி போய்விட்டது. நீ குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே வண்டியின் மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்து, மாலையையும் தொங்க விட்டுவிட்டேன். விற்கிறவருக்கு முகமெல்லாம் பல். "பூஜையே போட்டாச்சு, இனி என்னங்க பார்க்கிறதுக்கு?" என்று பேப்பரை எடுத்து வந்துவிட்டார்.

நீ அந்தப் பக்கம் இறக்கைக் கம்பியின் முனையைத் தடவிக்கொண்டு நின்றாய். உன் விரலில் ரத்தம். உள்ளே கம்பி இழை இழையாக அறுந்திருந்தது. "வா, போவோம்" என்றாய். எனக்கு அழுகை முட்டியது. போட்ட மாலையைக் கழற்றினால் ஆகாது, குடும்பத்துக்கே ஆகாது என்று வழி மறித்துக்கொண்டு நின்றேன். நீ போய் மாலையைக் கழற்றி உன் கழுத்தில் போட்டுக்கொண்டாய். "எனக்குத்தான் வாங்குனதுன்னு வச்சுக்கோ. நட, மூதி" என்று முன்னால் நடந்தாய். கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மாலையோடுதான் வந்தாய். யாரோ ஒரு அம்மா உனக்குக் கல்யாண நாளா என்று கேட்டார்கள். ஆமா, வெள்ளி விழா என்று நீ கூசாமல் சொன்னாய்.

அதற்குப் பிறகு நாலு வண்டி பார்த்தோம். ஒன்றும் தேறவில்லை. அப்புறம் உனக்கு உடம்புக்கு வந்தது. போன ஆனியில், ஐந்தருவியில் கூட்டம் நெரிகிற சமயத்தில், உன் வீட்டுக்காரர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நானும் ஓடினேன். நீ எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

அப்புறம் மூன்று மாதம் விமானம் என்ற வார்த்தையையே நான் வாயில் எடுக்கவில்லை. ஐப்பசியில் ஒரு நாள் மனசு கேட்காமல் பழையபடி தேடத் தொடங்கினேன். பெங்களூர் பக்கம் ஒற்றை சீட் வண்டி ஒன்று இருந்தது. அதிகம் ஓடாதது, பேப்பரெல்லாம் சுத்தம். ஒற்றை ஆளுக்கு ஒற்றை சீட், இனி எனக்கு எதற்கு ரெண்டு என்று அதையே பேசி முடிக்க இருந்தேன். நான் பல இடத்தில் சொல்லி வைத்திருந்ததில், அந்த வாரம்தான் செங்கோட்டையிலிருந்து போன். மலையடிவாரத்தில் எஸ்டேட் வைத்திருக்கிற ஒருவர், மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறவர், தன்னுடைய ரெண்டு சீட் மைக்ரோலைட்டை விற்கிறார். முட்டுவலி, இனி ஏற முடியாது. தோப்பை ஒட்டி அவரே ஓடுபாதையும் ஷெட்டும் போட்டு, அனுமதியும் வாங்கி வைத்திருக்கிறார். வாங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நம் வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒன்று இருப்பது தெரியாமல் நாம் ஊர் ஊராக அலைந்திருக்கிறோம் பார்!

எஸ்டேட்டுக்கு பஸ் கிடையாது. உன் வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். பழம் ஏற்றுகிற லோடு ஆட்டோவில் கொண்டுபோய் விட்டால் போதும் அண்ணே என்றேன். "அவளுக்கு இருந்த கோட்டி ஒன்ன விட்டும் போகலையா, தங்கச்சி?" என்றார். ஆனால் சாவியை எடுத்தார். அங்கே போனதும், "நான் வண்டிலயே இருக்கேன், நீ பாத்துட்டு வா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்தத் தடவை நான் மாலை கொண்டுபோகவில்லை. அதற்குப் பதில் ஊசி, பஞ்சு, வில் தராசு.

ஷெட்டுக்குள் விமானம் நீலமும் வெள்ளையுமாய் நின்றது. ஆசையை வெளியே காட்டிக்கொள்ளாமல் முதலில் எஞ்சினைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. விற்கிறவன் முந்தியே ஓட்டிச் சூடாக்கி வச்சிருக்கானான்னு தொட்டுப் பாரு என்பாயே, அது. ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது! எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு லாக் புத்தகத்தோடு ஒத்துப்போனது. கம்பி மொத்தமும் பஞ்சை வைத்து இழுத்தேன், எந்த இடத்திலும் இழை பிடிக்கவில்லை. பிறகு என் சங்கதி, துணி. வெயில் படுகிற பக்கத்தையும் மடிப்புக்கு உள்பக்கத்தையும் விரித்து நிறம் பார்த்தேன். ஊசியை எடுத்து, மீன் நிறுக்கிற வில் தராசின் கொக்கியில் மாட்டி, தையலுக்குள் விட்டு இழுத்தேன்.

"என்டெ கர்த்தாவே! சூசி கொண்டு குத்தல்லே மோளே!" என்று எஸ்டேட்காரர் அலறினார்.

"குத்தலை, தாங்குதான்னு பாக்கேன். பள்ளிக்கூடத்துல இப்படித்தான் பாக்கச் சொல்லிக் குடுத்தாங்க" என்றேன். தராசு முள் ஏறியது. நூல் அசையவில்லை. இந்தத் தையல் போட்டவள் யாரோ, அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

"ஒத்தைக்குத்தானே பறக்கப் போறே, பின்னே எந்துக்கு ரெண்டு சீட்டு?" என்று அவர் கேட்டார். அந்தப் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ரெண்டு பேர் எடையும் சேர்ந்து இத்தனை கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று தெரிந்த அன்றைக்கு நீ பரோட்டாவை விட்டாய். நீ, செங்கோட்டை பார்டர் கடைப் பரோட்டாவை! அஞ்சு கிலோ குறைக்க வேண்டியிருந்தது. ஐந்தருவிக் கடையில் பழம் நிறுக்கிற பெரிய தராசில் வாரம் ஒரு தடவை ஏறி நின்று, குறையவில்லை என்று உன் வீட்டுக்காரரைத் திட்டுவாய். நீ போவதற்கு ஒரு வாரம் முந்தி ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது உன் கை என் கைக்குள் அடங்கிப் போயிற்று. நான் அழப் போகிறேன் என்று தெரிந்ததும் நீ முந்திக்கொண்டாய். "ஏட்டி, இப்ப நான் கரெக்ட் வெயிட்டு. சட்டுனு ஒண்ணப் பாத்து வாங்கு." நர்ஸ் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நாம் ரெண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை.

"எனக்கு ரெண்டு சீட்டுதான் வேணும்" என்றேன் எஸ்டேட்காரரிடம். அப்போதே பெங்களூர் வண்டி என் மனசை விட்டு இறங்கிப் போய்விட்டது.

எல்லாம் நன்றாக இருந்தது, ஒன்றைத் தவிர. இறக்கையை இன்னும் ஆட்டிப் பார்க்கவில்லை. இறக்கை முழுவதும் வண்டியோடு சேர்ந்து தொங்குகிறது ஒரே ஒரு போல்ட்டில். அதைப் பார்க்க ரெண்டு ஆள் வேண்டும். ஒருத்தி இறக்கை நுனியைப் பிடித்து ஆட்ட வேண்டும், மற்றவள் போல்ட்டில் விரலை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்த வேலைக்கு நாம் எப்போதும் ரெண்டு பேர்தான். நான் தனியாக எட்டிப் பார்த்தேன், கை எட்டவில்லை. எஸ்டேட்காரரால் ஸ்டூலில் ஏற முடியாது. "பதினொண்ணு வர்ஷமா ஞான் ஒத்தைக்கு நோக்கினதுதான், ஒரு குழப்பமும் இல்ல" என்றார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? விட்டுவிடலாம் என்று நினைத்தேன். மற்றதெல்லாம் நல்லா இருக்கே, இது ஒன்றுதானே என்று என் மனசு நைசாகப் பேச ஆரம்பித்தது. அட்வான்ஸ் கொடுக்கக் கை பைக்குள்ளே போய்விட்டது. கோயம்புத்தூரில் மாலை போட்ட அதே கைதான், அதற்கு எப்போதும் அவசரம். அந்தக் கையை வெளியே எடுத்தேன். ஷெட்டுக்கு வெளியே வந்து கத்தினேன்: "அண்ணே, ஒரு நிமிசம் இங்கன வாங்க!"

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வண்டியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஸ்டூலில் ஏறி இந்த இடத்தில் கை வைக்கணும் என்றேன். நான் மேற்கொண்டு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏறினார், ரெண்டு விரலைப் போல்ட்டு மேல் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார். லோடு ஆட்டோ வாங்கினபோது நீ முன் சக்கரத்தை ஆட்ட, அவர் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு பேரிங்கைத் தொட்டுப் பார்த்திருக்கிறார் என்று அப்புறம்தான் சொன்னார்.

நான் இறக்கை நுனியை ஆட்டினேன்.

"நில்லு" என்றார். "இன்னொருக்கா ஆட்டு. பைய." ஆட்டினேன். கண்ணைத் திறந்தார். "தங்கச்சி, உள்ள இடிக்குது."

நான் மேலே ஏறினேன், அவர் ஆட்டினார். லேசாக ஒரு இடி, நகக்கண்ணுக்குள் மட்டும் தெரிகிற அளவு. போல்ட்டு போகிற ஓட்டையில் இருக்கிற புஷ் வளையம் தேய்ந்து இடம் விட்டிருந்தது. எஸ்டேட்காரர் நம்பவில்லை. அவரையும் கைத்தாங்கலாக ஏற்றித் தொடவைத்தோம். அவர் இறங்கி ரப்பர் ஷீட்டுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தமில்லை. "இதிலா ஞான் இத்தன நாளும் பறந்தது?" என்று மட்டும் கேட்டார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, ஏட்டி. பதினொரு வருஷமும் தனியாகவே பார்த்திருக்கிறார், அதுதான் கோளாறு. போல்ட்டும் புஷ்ஷும் மாற்றி, லைசென்ஸ் உள்ள எஞ்சினியரை வைத்துப் பார்த்துக் கையெழுத்து வாங்கி வைக்கிறேன், அது வரைக்கும் ஒரு பைசா வேண்டாம் என்று அவரே சொன்னார்.

திரும்பி வரும்போது செங்கோட்டை தாண்டி, ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியபோது உன் வீட்டுக்காரர் சொன்னார்: "அவ இருந்தா இந்நேரம் 'பாத்தியா, பாத்தியா'ன்னு ஊரக் கூட்டியிருப்பா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆனிக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூன்று வாரம் தூக்கமில்லை. மிஷினில் உட்கார்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருந்தது. இன்று காலையில் மறுபடி போனோம். இந்தத் தடவை அவர் வண்டியில் உட்காரவில்லை, எனக்கு முன்னால் ஷெட்டுக்குள் போய்விட்டார். நான் ஆட்டினேன், அவர் தொட்டார். அவர் ஆட்டினார், நான் தொட்டேன். எஸ்டேட்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். இடியுமில்லை, ஒன்றுமில்லை! எஞ்சினைக் கிளப்பி அரை மணி நேரம் ஓடவிட்டு, ஹோஸ் எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தேன். இந்த வாடை கையில் ஏறியது அப்போதுதான்.

வாங்கிட்டேன், ஏட்டி! வாங்கிட்டேன்! கையெழுத்துப் போடும்போது என் பெயரையே தப்பாக எழுதிவிட்டேன், அடித்துவிட்டு எழுதினேன். பிறகு ஓடுபாதையில் தரையிலேயே ரெண்டு நடை ஓட்டினேன். தலைக்கு மேலே இறக்கைத் துணி விம்மியதும் தொண்டையிலிருந்து என்னை அறியாமல் ஒரு சத்தம் கிளம்பியது. தோப்பிலிருந்த கொக்கெல்லாம் எழும்பிப் போயிற்று. எஸ்டேட்காரர் கைதட்டினார். பதிவு என் பெயருக்கு மாறி, அனுமதி எல்லாம் வந்து சேர்ந்ததும், காற்று அடங்குகிற தை மாதத்தில் மேலே போவேன். கணவாய்ப் பக்கம் திரும்ப மாட்டேன், பயப்படாதே. ஐந்தருவி தூரத்தில் தெரிகிற அளவுக்குத்தான்.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன். உன் வீட்டுக்காரர் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார், விடவில்லை.

"தை மாசம், என்னைக்குப் பறக்கப் போற?" என்றார்.

"நாளு இன்னும் பாக்கல, அண்ணே."

"எத்தன மணிக்கு?"

"காத்து எழும்புததுக்கு முந்தி. காலைல ஆறு, ஆறரை."

"நான் அஞ்சரைக்கு வாரேன். அன்னைக்கு மட்டுமில்ல, நீ எப்ப ஏறுனாலும் எனக்குப் போன் போடணும். நான் தொட்டுப் பாக்காம நீ ஏறக் கூடாது." இறக்கை நுனியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஒருத்திய விட்டது போதும்."

சரி அண்ணே என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். இந்த மாதிரி வண்டியில் பின் சீட் காலியாக இருந்தாலும் அதன் பெல்ட்டைப் பூட்டி இறுக்கித்தான் கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் பறந்து பின்னால் இருக்கிற விசிறியில் மாட்டிக்கொள்ளும். பயிற்சிப் பள்ளியில் நூறு தடவை பூட்டியிருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. இன்று குனிந்து அந்த வெறும் சீட்டின் மேல் ரெண்டு வாரையும் சேர்த்துப் பூட்டிவிட்டு, இறுக்கமாக இருக்கிறதா என்று உன்னிடம் கேட்க வாயெடுத்தேன். இனி நான் எத்தனை தடவை பறந்தாலும் அத்தனை தடவையும் உன் பெல்ட்டை முதலில் பூட்டிவிட்டுத்தான் என் சீட்டில் ஏறி உட்கார வேண்டும். தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பழகிக்கொள்வேன்.